புதுக் கத்திக்குத் தீட்டு இல்லை

எங்கள் வேலாங்கரைக்குப் புதுச் சவரக் கத்தி ஒன்று வந்துவிட்டால், அது எந்தப் பெரிய ஊர்க் கடையில் வாங்கியதாக இருந்தாலும், விற்றவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாலும், முதலில் கல்லில் போட்டுத் தீட்டி, பிறகு தோல் வாரில் இழுத்து, நாவிதர் தன் முழங்கை முடியில் ஒருமுறை வைத்துப் பார்த்த பிறகுதான் அது அடுத்தவர் முகத்துக்குப் போகும். கத்தி புதுசுதானே, அப்படியே வைத்தால் என்ன என்று கேட்கிற வெளியூர் மாப்பிள்ளைகளுக்கு நாங்கள் செம்புலிங்கத்தின் கதையைச் சொல்வோம், சொல்லும்போது யாரும் சிரிக்க மாட்டோம்.

செம்புலிங்கம் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். அவன் மனைவி முனீஸ்வரி. அவர்களுக்கு ஒரே பெண், தாரணி, இரண்டாம் வகுப்பு படித்தாள். ஐப்பசியில் மழைக்கு முன்னால் வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போட்டுக்கொண்டு போன லாரி பாதி வழியில் பஞ்சராகி நின்றதும், செம்புலிங்கம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடியதும், எதிரே வந்த பஸ்ஸை மறித்து ஏறியபோது பிள்ளையின் கை தொங்கிவிட்டதும் ஊருக்கே தெரியும். அன்றையிலிருந்து அவன் பேசவில்லை. தாடி மட்டும் வளர்ந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரியவர்கள் செத்தால், கருமாதியன்று கண்மாய்க் கரையில் உட்கார்ந்து வழித்துக்கொள்ள எந்தக் கத்தியானாலும் சரி, பாதி பிளேடை ஒடித்துச் செருகுகிற இந்தக் காலத்துக் கத்தியானாலும் சரி. ஆனால் சின்ன உயிர் போனால் தகப்பன் முகத்தில், வேறு முகமே பார்க்காத முழுக்கத்திதான் படவேண்டும், அதைத் தாய்மாமன்தான் வாங்கித் தரவேண்டும், காரியம் முடிந்ததும் கத்தி நாவிதருக்குச் சொந்தம். அப்படித்தான் முனீஸ்வரியின் அண்ணன் ஆண்டிச்சாமி மதுரைக்குப் போய், எலும்புப் பிடி போட்ட ஒரு கத்தியைத் தாளில் சுற்றியபடி வாங்கிவந்தார். அப்படியே எடுத்து வழிக்கலாம் என்று கடைக்காரன் சொன்னானாம். கரையில் காத்திருந்த இரண்டு கிழவிகள், பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தது, வழியில் எந்த வீட்டுத் தண்ணி குடித்தாய் என்று கேட்டுக் கேட்டு, கத்தி கொண்டுவந்த மனிதரை ஏற்கனவே எரிச்சலாக்கி வைத்திருந்தார்கள்.

எங்கள் ஊர் நாவிதர் சங்கிலிமுத்து தாளைப் பிரித்தார், கத்தியைத் திறந்து கட்டைவிரலில் வைத்துப் பார்த்தார், முகம் சுளித்தார். கத்தியில் கூர் இருக்கிறதா, கல்லில் போடவேண்டுமா என்று பார்ப்பதை அவருடைய ஆட்கள் தீட்டு பார்ப்பது என்பார்கள். சாவு வீட்டார் வாயில் அதே சொல்லுக்கு அர்த்தம் வேறு. அந்த இடத்தில், அந்த வெயிலில், பிள்ளையைப் பறிகொடுத்தவன் மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்த நேரத்தில், இது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"ஐயா, கத்திக்குத் தீட்டு பாக்கணுமா?" என்று கேட்டார் சங்கிலிமுத்து.

ஆண்டிச்சாமிக்கு வந்ததே கோபம். "புதுக் கத்திக்கு எவனாச்சும் தீட்டு பாப்பானா? கட்டுக்கூடப் பிரிக்காமக் கொண்டாந்திருக்கேன். எடுத்து வழிய்யா."

வாங்கியவரே சொல்லிவிட்டார், கடையிலேயே தீட்டியிருப்பார்கள் என்று சங்கிலிமுத்து நினைத்துக்கொண்டார். செம்புலிங்கத்தின் முகத்தில் சோப்பைக் குழைத்துப் பூசி, காதோரம் தொடங்கிக் கீழே இழுத்தார். முடியில் கத்தி படும்போது கேட்கவேண்டிய கரகரப்பு கேட்கவில்லை. நுரை மட்டும் வந்தது, முடி வரவில்லை. ஆனால் மணிக்கட்டில் வழித்துப் போட்ட அந்த நுரை வெதுவெதுப்பாக இருந்தது, ஈரமண்ணைப் போலக் கனத்தது. அவர் அதை வாழையிலையில் துடைத்து வைத்தார், மறுபடி இழுத்தார், மறுபடி துடைத்தார், இரண்டு கன்னமும் கழுத்தும் முடிந்து, வழக்கப்படி இலையைத் தண்ணீரில் விட்டபோது, அது மிதந்து போகாமல் கல்லைக் கட்டியது மாதிரி நேராக அடிக்குப் போய்விட்டது. தாடி போட்டது போட்டபடி இருந்தது. பையில் இருந்த பிளேடுக் கத்தியை எடுக்கக் கையை விட்டார் சங்கிலிமுத்து.

"போதும் சங்கிலி, முடிஞ்சிருச்சு," என்றான் செம்புலிங்கம். பிள்ளை போன நாளுக்குப் பிறகு அவன் பேசிய முதல் பேச்சு அது. எழுந்து, கண்மாயில் இறங்கி, மூன்று முங்கு முங்கி, தலையைத் துவட்டிக்கொண்டே மச்சானைப் பார்த்து, "சாப்பாட்டுக்கு என்ன வச்சிருக்காக? பசி உசுரு போகுது," என்றான்.

முதலில் எல்லோருக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. மனதைத் தேற்றிக்கொண்டான், நல்லபடியாக எழுந்துவிட்டான், தகப்பன் என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று பந்தியில் பேசிக்கொண்டார்கள். அவன் லாரியை எடுத்தான், தெருத் தெருவாகத் தண்ணீர் ஊற்றினான், குடம் வைக்கச் சண்டை போட்ட பெண்களிடம் வம்பு பேசிச் சிரித்தான். பிள்ளையை மறந்துவிட்டான் என்று சொல்ல முடியாது. பெயர் தெரியும், பிறந்த நாள் தெரியும், எந்த டீச்சரிடம் படித்தாள் என்பது தெரியும். பக்கத்து ஊருக்குப் பஸ் எப்போது என்று தெரிவது போலத் தெரியும், அவ்வளவுதான்.

கத்தியின் காரியம்தான் இது என்று கண்டுபிடிக்க ஊருக்கு வெகுநாள் ஆகவில்லை. சவுதியில் மகனைப் பறிகொடுத்த ஒருவர், சும்மா பார்ப்போமே என்று சங்கிலிமுத்துவின் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபோது பிடித்துத் தாங்கவேண்டியிருந்தது, எழுந்தபோது விசில் அடித்துக்கொண்டு போனார். பெண்டாட்டி செத்து வருஷக்கணக்காகச் சுவரோடு பேசிக்கொண்டிருந்த வாத்தியார் வந்தார். காளை செத்தவன் வந்தான். காதல் முறிந்த இளவட்டங்கள் வந்தார்கள். ஆண்டிச்சாமியே வந்து, தூக்கி வளர்த்த மருமகளின் துக்கத்தை ஒரே இழுப்பில் இறக்கிவைத்துவிட்டுப் போனார். சங்கிலி, டேய் சங்கிலி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த வாய்களெல்லாம் சங்கிலியண்ணே என்று கூப்பிட்டன, வீட்டுப் பின்வாசலில் நிற்கவேண்டியவரை முன்வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். நுரை ஒவ்வொன்றும் ஒவ்வொரு கனமாக இருந்தது. அதை அவர் வாளி வாளியாகக் கடைக்குப் பின்னால் குழி தோண்டிக் கொட்டினார், முதுகு வலிக்கிறது என்று மட்டும் சொன்னார்.

கத்தி முடியைத் தொடாது என்பதால் வந்தவர்கள் எல்லோரும் தாடியோடு திரும்பினார்கள், பிறகு அந்தத் தாடியை யாரும் எடுக்கவும் இல்லை. எங்கள் ஊரில் அதுவரை தாடி என்றால் துக்கம். அந்த வருஷம் அது தலைகீழாகப் போயிற்று. தாடி வைத்தவன் துக்கம் இல்லாதவன், முகத்தை மழுங்க வழித்திருப்பவன் இன்னும் எதையோ சுமக்கிறவன். பெண் பார்க்க வந்த அசலூர்க்காரர்கள் இதென்ன சாமியார் ஊரா என்று மிரண்டு போனார்கள்.

இந்த நேரத்தில்தான் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கத்தியில் கூர் இல்லை என்பதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். தொழிலுக்கு வந்த கத்தியைத் தீட்டித்தான் ஆகவேண்டும், தீட்டாத கத்தியை மனிதன் முகத்தில் வைப்பது முறையில்லை என்று ஒரு கட்சி. தீட்டினால் அதன் குணம் போய்விடும், புதுசு புதுசாகவே இருக்கட்டும் என்று இன்னொரு கட்சி. டீக்கடையில், ரேஷன் வரிசையில், கோவில் வாசலில் இதே பேச்சு. வாயைத் திறந்தால் தீட்டு. ஒருவர் கல்லைச் சொல்ல, இன்னொருவர் சாவைச் சொல்ல, மூன்றாமவர் இரண்டையும் குழப்பி, தீட்டைக் கழிக்கிற கத்திக்குத் தீட்டு எதற்கு என்று கேட்க, கூட்டம் கலையும். அன்று கரையில் கேட்டது என்ன, சொன்னது என்ன என்று சங்கிலிமுத்துவும் ஆண்டிச்சாமியும் நேருக்கு நேர் பேசிப் பார்த்தபோதுதான் இரண்டு பேரும் இரண்டு தீட்டைப் பேசியிருக்கிறார்கள் என்பது வெளியே வந்தது. ஆண்டிச்சாமி அதற்கும் சளைக்கவில்லை. "நாக்கு தவறி வந்த நல்ல வாக்கு அது. சாமி சொல்ல வச்சிருக்கு," என்றார். தீட்டக் கூடாது என்கிற கட்சிக்கு அவரே தலைவரானார்.

கட்சி கட்டியவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்களை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு வழிக்க என்ன இருக்கிறது?

ஆனால் வீடுகளில் ஏதோ கோணிப்போயிருந்தது. பேச்சியம்மாள் கிழவி செத்தபோது பந்தலுக்குள் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, வாசலில் மகன்கள் மூவரும் தாடியைத் தடவிக்கொண்டு உழவு மாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சாவுக்கு முன்னாலேயே இரண்டு பேர் வேறு எதற்கோ வழித்துக்கொண்டு, பிறகு வந்த துக்கமும் ஒட்டாமல் போனவர்கள், மூன்றாமவன் அன்று காலைதான் வழித்திருந்தான். வெயில் ஏறியது. எடுக்கவேண்டிய பிணத்தை எடுக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் மருமகள் ஒருத்தி வெளியே வந்து, "தூக்குறீகளா, நாங்களே தூக்கிட்டுப் போகவா?" என்று கேட்ட பிறகுதான், அட ஆமாம் என்பது போல எழுந்தார்கள்.

முனீஸ்வரியின் வீட்டில் அது தினமும் நடந்தது. செம்புலிங்கம் அவளை ஒரு சொல் கடிந்து பேசவில்லை, அது வேறு ஒரு கொடுமை. தாரணியின் பள்ளிக்கூடப் பையை, சும்மாதானே கிடக்கிறது என்று எதிர்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வந்தான். அவள் சுவரில் சாய்ந்து அழுதால் பக்கத்தில் வந்து நின்று, தலை வலிக்கிறதா, மாத்திரை வாங்கிவரவா என்று அன்பாகக் கேட்டான். ஒருநாள் அவள் அவன் இரண்டு கையையும் பிடித்து உட்காரவைத்து, அந்த நாளை அவனுக்குச் சொன்னாள், பிள்ளையின் உடம்பு கொதித்ததை, அப்பா அப்பா என்று பிதற்றியதை, அவன் தூக்கிக்கொண்டு ஓடியதை, ஒன்று விடாமல், தன் உயிரைப் பிசைந்து எடுத்துச் சொன்னாள். அவன் நன்றாகக் கேட்டான். தலையாட்டினான்.

"ஆமா, அன்னைக்கு டயரு பஞ்சரு," என்றான். "இப்ப புதுசு மாத்தியாச்சு முனீசு. பயமில்ல."

மறுநாள் மத்தியானம் முனீஸ்வரி சங்கிலிமுத்துவின் கடைக்குப் போனாள். பெண்கள் அந்தக் கடைக்குள் வருவதில்லை. நாற்காலியில் இருந்தவன் சோப்போடு எழுந்து வெளியே போனான்.

"சங்கிலியண்ணே, அந்தக் கத்தியைத் தீட்டுங்க. தீட்டி அவருக்கு ஒருவாட்டி வழிச்சு விடுங்க."

சங்கிலிமுத்து கையிலிருந்த கத்தியை மடக்கினார். "ஆத்தா, தீட்டுன கத்தி மேலோட அறுக்கும், வேரு உள்ள நிக்கும், மறுபடி மொளைக்கும். மொட்டக் கத்தி அப்படி இல்ல, வேரோட பிடுங்கும். பிடுங்குனது திரும்ப வருமான்னு எனக்குத் தெரியாது. வராமப் போனா என்னையக் கேக்கக் கூடாது. வந்துட்டாலும் அந்த மனுசன் தாங்கணும்."

"நான் தாங்கலயா?"

அவர் குனிந்துகொண்டார்.

"பிள்ள ரெண்டு பேருக்கும்தான் பெறந்துச்சு. அழுறதுக்கு ஒரு ஆளு, வேடிக்க பாக்குறதுக்கு ஒரு ஆளுன்னா அது வீடாண்ணே? எதுத்த வீட்டுல எழவு விழுந்தா எட்டிப் பாக்குற மாதிரி என்னையப் பாக்குறாரு. எனக்கு அவரு வேணும்."

"ஊரு என்னைய உசுரோட விடாதும்மா," என்றார் சங்கிலிமுத்து. அது பாதி உண்மை. முன்வாசல் நாற்காலியும் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது, மனிதர்தானே. அவள் திரும்பிப் போய்விட்டாள், ஆனால் அவர் அன்று சாப்பிடவில்லை.

அந்த வாரமே அரிசி மில் அய்யாவு வந்தான். வெற்றிலை பாக்கெல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, சட்டையைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தான்.

"ஆரு தவறுனது?" என்று கேட்டார் சங்கிலிமுத்து.

"யாரும் தவறலண்ணே. அம்மாவுக்குத்தான் கொஞ்ச நாளா முடியல. நல்லாத்தான் பேசிக்கிட்டு இருக்கு, காலைலகூடக் கஞ்சி குடிச்சுச்சு. இருந்தாலும் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்த நேரத்துல மில்லுல அரவை சீசனா இருக்கும், அலையமுடியாது. அதான் முன்கூட்டியே ஒருவாட்டி ஓட்டிட்டா…"

சங்கிலிமுத்து சோப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அம்மா உன்னையத் தேடிக்கிட்டு இருக்கும். வீட்டுக்குப் போ," என்றார். அய்யாவு தாம்பாளத்தை எடுக்காமலே எழுந்து போனான். அவன் தலை மறைந்ததும், அலமாரிக்கு அடியில் சாக்குக்குள் கிடந்த சாணைக்கல்லை இழுத்து எடுத்து, வாசல் படியில் வைத்து, தண்ணீர் தெளித்து, எலும்புப் பிடிக் கத்தியைத் திறந்து, அதன் வாயைக் கல்லின்மேல் படுக்கவைத்தார்.

கல்லில் இரும்பு உராய்கிற சத்தம் ஊருக்குப் புதிதில்லை. இருந்தும் அன்று அது எல்லா வீட்டுக்கும் கேட்டது. டீக்கடையிலிருந்து ஆண்டிச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார், பின்னால் தாடிகள் எல்லாம் வந்தன. நிறுத்து, ஊர்ப் பொதுக் கத்தி அது, நாளைக்கு எங்கள் வீட்டில் ஒன்று நடந்தால் நாங்கள் எங்கே போவோம் என்று கத்தினார்கள். கத்தி அவர்களுடைய துக்கத்தைத்தான் எடுத்திருந்தது, பயத்தை எடுக்கவில்லை.

ஆனால் அவர்களுக்கு முன்னால் பெண்கள் வந்துவிட்டார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. உலையை இறக்கிவைத்துவிட்டும், ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டும், இடுப்புக் குழந்தையோடும், பேச்சியம்மாளின் மருமகள்களும் சவுதியில் மகனைப் பறிகொடுத்த தாயும் மற்றவர்களும் ஒருத்தி பின் ஒருத்தியாக வந்து, சங்கிலிமுத்துவுக்கும் தெருவுக்கும் நடுவில் நின்றுகொண்டார்கள். முனீஸ்வரி முன்னால் நின்றாள்.

"ஏய், தள்ளு," என்றார் ஆண்டிச்சாமி. "புருசன் நிம்மதியா இருக்கிறது உனக்குப் பொறுக்கலயா?"

"பொறுக்கலண்ணே," என்றாள் முனீஸ்வரி. "எம் பிள்ளைக்கு வாங்குன கத்தி. கட்டுப் பிரிக்காம நீங்கதான் கொண்டாந்தீக. அது என்னத்துக்கு வந்துச்சோ அந்த வேலையச் செஞ்சுட்டுப் போகட்டும்."

ஆண்டிச்சாமி மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். சங்கிலிமுத்து தலை நிமிரவே இல்லை. முன்னுக்குத் தள்ளி, பின்னுக்கு இழுத்து, திருப்பிப் போட்டு, தண்ணீர் தெளித்து, மறுபடி முன்னுக்குத் தள்ளி, கல்லின் சத்தம் கனத்ததிலிருந்து மெலிந்து, மெலிந்ததிலிருந்து காற்றைப் போல ஆகும்வரை தீட்டினார். பிறகு தோல் வாரில் இழுத்தார். முழங்கையில் வைத்துப் பார்த்தார். முடி உதிர்ந்தது. கூட்டத்தில் யாரோ ஒருவர் பெருமூச்சு விட்டார், ஆணா பெண்ணா என்று தெரியவில்லை.

மற்ற தாடிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வழித்துக்கொண்டதும், அவர்களில் சிலர் வழியிலேயே உட்கார்ந்து கதறியதும், சிலருக்குக் கடைசிவரை எதுவும் திரும்பாமலே போனதும் பிறகு நடந்தவை. முதல் முகம் செம்புலிங்கத்தின் முகம்தான். சங்கிலிமுத்து அவன் வீட்டுக்கே போனார். லாரியைக் கழுவிக்கொண்டிருந்தவனை முனீஸ்வரி உள்ளே கூப்பிட்டு, பலகை போட்டு, சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த பழைய லாரிக் கண்ணாடிக்கு எதிரே உட்காரவைத்தாள். "தாடி இருந்தா என்னாடி? ஊரே வச்சிருக்கு," என்று சிரித்தான் அவன், ஆனாலும் உட்கார்ந்தான், அவள் எது சொன்னாலும் அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அவள் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சங்கிலிமுத்து காதோரம் தொடங்கினார். கரகரவென்று சத்தம் கேட்டது. பிள்ளை சாகக் கிடந்த நாட்களில் முளைத்த முடியும், செத்த பிறகு முளைத்த முடியும் சேர்ந்து கற்றை கற்றையாக மடியில் விழுந்தன. நுரை கனக்கவில்லை, நுரையாகவே இருந்தது. செம்புலிங்கம் ஏதோ ஒரு சினிமாப் பாட்டை முனகிக்கொண்டிருந்தான். முனீஸ்வரிக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று.

வழித்து முடித்து, ஈரத் துணியால் துடைத்துவிட்டு, சங்கிலிமுத்து ஒதுங்கிக்கொண்டார். செம்புலிங்கம், சவரம் முடிந்த எல்லா ஆண்களையும் போல, கண்ணாடியில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். தாடிக்குள் மூடிக் கிடந்த நாடி வெளியே வந்திருந்தது, சிறிய நாடி, நடுவில் இல்லாமல் இடதுபக்கம் ஒதுங்கிய ஒரு குழியோடு. தாரணிக்கு அதே நாடி, அதே குழி, அதே இடதுபக்கம். பிறந்த அன்று துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டிய நர்ஸ் முதலில் சொன்னதே அதைத்தான்.

முனகல் நின்றது. அவன் கண்ணாடிக்குக் கிட்டே போனான். விரலை எடுத்துக் குழியில் வைத்தான், தன் நாடியில் அல்ல, கண்ணாடியில் தெரிந்த நாடியில் வைத்து, தூங்குகிற பிள்ளையைத் தொடுகிற மாதிரி மெதுவாகத் தடவினான்.

"முனீசு," என்றான். குரல் வேறாக இருந்தது.

"என்னங்க?"

"பாப்பா எங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் ஊரையே எதிர்த்து நின்றாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.